மிதிவெடி எடுத்தவர் சான்று எழுதுவதில்லை

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியால் கிளிநொச்சி நோக்கி வருகிறவர்கள் முகமாலையைக் கடக்கும்போது பஸ் யன்னலால் ஒரு காட்சியைப் பல வருடங்களாகக் கண்டிருப்பார்கள். தலையிழந்த பனைகள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். நிறம் பூசிய சின்னத் தடிகள் நட்ட ஒடுங்கிய பாதைகள். அந்தப் பாதைகளின் முடிவில், முகக் கவசமும் கனத்த அங்கியும் அணிந்து, கொதிக்கும் வெயிலில் முழங்காலில் இருந்தபடி மண்ணைச் சுரண்டும் மனிதர்கள். அவர்களில் கணிசமானோர் பெண்கள். கணவனைப் போரில் பறிகொடுத்து, பிள்ளைகளைப் படிப்பிக்க வேறு வழி தெரியாமல் இந்த வேலைக்கு வந்தவர்கள் பலர்.

அந்த வேலைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. காலையில் களத்தில் இறங்க முன்னர், உலோகம் காணும் கருவியை ஒரு சோதனைத் துண்டின் மேல் பிடித்து, அது இன்றைக்கும் சரியாகச் சத்தம் போடுகிறதா என்று பார்க்க வேண்டும். நேற்று வேலை செய்தது என்பது கணக்கில் வராது. சத்தம் கேட்டால் அது ஆணியாக இருக்கும், தகரத் துண்டாக இருக்கும் என்று ஊகித்துக் கடந்துபோக அனுமதியில்லை. மெதுவாகத் தோண்டிக் கண்ணால் காண வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமான விதி கடைசியில் வருகிறது. ஒரு துண்டுக் காணியை முடித்த நிறுவனம், எவ்வளவு பெயர்போனதாக இருந்தாலும், “இனிப் பயமில்லை, போய்க் குடியிருங்கள்” என்று தானே சொல்லிவிட முடியாது. 2010 இல் அமைக்கப்பட்ட தேசிய மிதிவெடிச் செயற்பாட்டு நிலையத்தின் கீழ், அந்தக் காணியில் வேலை செய்யாத வேறு ஆட்கள் வந்து தரம் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் காணி மாவட்டச் செயலகத்துக்குப் போகும். அங்கிருந்து சனத்துக்கு.

எடுத்தவர் சான்று எழுதுவதில்லை. இந்த விதியின் பெறுமதியை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

கொழும்பில் செயற்கை நுண்ணறிவுக்கான ஒழுக்கநெறிகள் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்த முழங்கால் வரிசைதான் நினைவுக்கு வருகிறது. அரசாங்கம் பேசத் தொடங்கிச் சில வருடங்களாகிவிட்டன. 2023 இல் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க இதற்கென ஒரு செயலணியை அமைத்தார். 2024 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 150 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2024 மார்ச்சில் ஒரு வெள்ளை அறிக்கை வந்தது. அதே ஆண்டில், 2028 ஐ இலக்காகக் கொண்ட தேசிய உபாயத்தின் வரைவும் வந்தது. ஆட்சி மாறியது, இப்போது டிஜிட்டல் பொருளாதாரத்துக்கென்றே ஓர் அமைச்சு இருக்கிறது. அதற்கு முன்பே, 2021 நவம்பரில், யுனெஸ்கோவின் 193 உறுப்பு நாடுகளும் செயற்கை நுண்ணறிவின் ஒழுக்கநெறி பற்றிய ஒரு பரிந்துரையை ஏற்றுக்கொண்டிருந்தன. இலங்கையும் அதில் அடக்கம். வாழ்வு சாவு பற்றிய தீர்மானத்தை இயந்திரத்திடம் ஒப்படைக்கக்கூடாது, இறுதிப் பொறுப்பு மனிதரிடமே இருக்க வேண்டும் என்று அந்தப் பரிந்துரை சொல்கிறது.

அனைவரையும் உள்ளடக்குதல், நம்பகத்தன்மை, வெளிப்படைத்தன்மை, மனிதரை மையமாகக் கொள்ளுதல் என்று தேசிய உபாயத்தின் வரைவும் சொல்கிறது. இந்தச் சொற்களோடு எனக்குச் சண்டை இல்லை. இவற்றை எழுதியவர்கள் நல்ல மனத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஒட்டுசுட்டானிலோ பூநகரியிலோ நெடுங்கேணியிலோ பிரதேச செயலகத்து மேசைக்கு முன்னால் நிற்கும் ஒரு தாய்க்கு இந்தச் சொற்களில் எது கையில் கிடைக்கும் என்பதுதான் என் கேள்வி. தரம் பார்க்கிற அந்த இரண்டாவது ஆள் யார்? எங்கே இருப்பார்? தமிழ் பேசுவாரா?

கேள்வி வெறும் கற்பனையில் எழுந்ததல்ல. கணக்குப் போட்டு மனிதரைத் தரம் பிரிக்கும் ஒரு முறை ஏற்கெனவே நம் படலைக்குள் வந்துவிட்டது. அதன் பெயர் அஸ்வெசும.

அஸ்வெசும செயற்கை நுண்ணறிவு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அது தானாகக் கற்கும் இயந்திரம் இல்லை. ஒரு புள்ளிச் சூத்திரம். கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்பத்தின் அமைப்பு என்ற ஆறு பக்கங்களிலிருந்து 22 அளவுகோல்களை எடுத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மதிப்பெண் கணக்கிடுகிறார்கள். அந்த எண்ணைக் கொண்டு குடும்பங்கள் நான்கு படிகளாகப் பிரிக்கப்படுகின்றன. 2023 ஜூலையில் தொடங்கியபோது மிக வறியவர் என்று வகுக்கப்பட்ட குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாய், வறியவருக்கு 8,500, அதற்கு மேலுள்ள இரண்டு படிகளுக்கு 5,000 மற்றும் 2,500. சர்வதேச நாணய நிதியத்தின் 300 கோடி டொலர் கடன் உடன்படிக்கைக்குப் பின், சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு வந்த திட்டம் இது. சமுர்த்தியில் அரசியல் தலையீடு இருந்தது, கட்சிக்காரருக்குக் கிடைத்தது, உண்மையில் இல்லாதவருக்குக் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடுகள் பழையவை, நியாயமானவை. அவற்றுக்கு மருந்தாகத்தான் இந்தச் சூத்திரம் கொண்டுவரப்பட்டது. கணக்குக்குக் கட்சி தெரியாதுதானே.

பெயர்ப்பட்டியல்கள் ஒட்டப்பட்டதும் நாடு முழுவதும் பிரதேச செயலகங்களின் வாசலில் வரிசைகள் நீண்டன. மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. வரிசையில் நின்றவர்களின் கேள்வி மிகச் சிறியது: “எனக்கு ஏன் இல்லை?” அதற்கு விதானையார் என்ன சொல்ல முடியும்? எந்த அளவுகோலில் எத்தனை புள்ளி போனது என்று அவருக்கே தெரியாது. “கொம்பியூட்டரிலை வரேல்லை” என்பதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை. கட்சிக்காரர் தராமல் விட்டால் யாரைக் கோபிப்பது என்றாவது சனத்துக்குத் தெரிந்திருந்தது. இங்கே அதுவும் இல்லை.

வன்னியின் வறுமை புள்ளிவிபரத்துக்குள் நன்றாகவே பதிவானது. 2012/13 இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஆய்வு, முல்லைத்தீவு மாவட்டத்தில் 28.8 வீதத்தினர் வறுமைக் கோட்டின் கீழ் வாழ்வதாகக் காட்டியது. 2016 இல் கிளிநொச்சி 18.2 வீதத்தோடு நாட்டிலேயே மிக வறிய மாவட்டமாக இருந்தது. எண்கள் இப்படி இருக்கையில், குடும்பங்களைத் தனித்தனியாக அளக்கும் சூத்திரம் வன்னியில் எதைக் காண்கிறது, எதைக் காணாமல் விடுகிறது என்பது முக்கியமாகிறது. ஒரேயொரு அளவுகோலை மட்டும் எடுத்துப் பார்ப்போம்: வீட்டின் நிலை.

போருக்குப் பின் இங்கே எழுந்த கல்வீடுகளில் பெரும்பகுதி வீட்டுத்திட்டத்தால் வந்தவை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஐந்தரை இலட்சம் ரூபாய், அதுவும் தவணை தவணையாக. அத்திவாரம் போட்டால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் இன்னொன்று. அந்தக் காசு போதவில்லை என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். கூரையை முடிக்க நகை அடகுக்குப் போனது. நுண்கடன் நிறுவனங்களிடம் பெண்கள் குழுக்குழுவாகக் கையெழுத்து வைத்தார்கள். அந்தக் கடன் எவ்வளவு ஆழத்துக்குப் போனது என்பதற்கு அரசே சாட்சி: 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்குக் குறைந்த நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அது அறிவிக்க வேண்டி வந்தது. இப்போது சீமெந்துச் சுவரையும் ஓட்டுக் கூரையையும் மட்டும் படிக்கும் ஒரு சூத்திரத்தை எண்ணிப் பாருங்கள். அதன் கண்ணுக்கு அந்த வீடு வசதி. உள்ளே இருப்பவருக்கு அது வட்டி. தகரக் கொட்டிலில் கடனில்லாமல் இருப்பவரும் கல்வீட்டில் கடனோடு இருப்பவரும் வறுமையில் யார் மூத்தவர் என்று விதானையாரால் சொல்ல முடியும். சூத்திரத்தால், அதற்கென்று ஒரு கேள்வியை யாராவது முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், முடியாது.

இதைவிட வலிக்கும் இடம் ஒன்று உண்டு. கணவரின் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது?

கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். சில நாட்களில் வவுனியாவில், அடுத்த மாதம் முல்லைத்தீவில் என்று அது பரவியது. தங்கள் கைகளால் படையினரிடம் ஒப்படைத்த பிள்ளைக்கு மரணச் சான்றிதழ் எடுக்க அந்தத் தாய்மார் மறுத்தார்கள். எடுத்தால் இழப்பீடு கிடைக்கும் என்று சொன்னபோதும் மறுத்தார்கள். அந்த மறுப்பின் நியாயத்தை நாடு ஓரளவு ஏற்றது. 2016 இல் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழ் ஒன்று வழங்க வழி செய்யப்பட்டது. உயிரோடு இருப்பவர், இறந்தவர் என்ற இரண்டுக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு நிலை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொள்ள, போர் முடிந்து ஏழு வருடங்கள் எடுத்தன. நாளைக்கு ஓர் அரசுக் கணினி நலன்புரிக்கோ கடனுக்கோ காணி உரிமைக்கோ குடும்பங்களைத் தரம் பிரிக்கும்போது, அதன் படிவத்தில் இரண்டு பெட்டிகள் மட்டும் இருந்தால், எட்டு வருடத்துக்கு மேலாக வீதியோரத்தில் இருந்த அந்தத் தாய் எந்தப் பெட்டியில் புள்ளடி போடுவார்? இதை வடிவமைக்கப் போகும் இளம் பொறியியலாளர் கொழும்பில் பிறந்து வளர்ந்தவராக இருந்தால், இந்தக் கேள்வி அவர் மனதில் எழாமலே போகலாம். அது அவருடைய குற்றமில்லை. எழுப்பக்கூடியவர்களை அந்த மேசையில் இருத்தாமல் விடுவதுதான் குற்றம்.

பதிவில் இல்லாதது இருப்பதே இல்லை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் கணினிக்கு முன்பே நம் நிர்வாகத்தில் இருக்கிறது. 2025 மார்ச் 28 அன்று வந்த வர்த்தமானி அறிவித்தலை நினைத்துப் பாருங்கள். வடமாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அவை அரச காணியாகும் என்றது அது. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அதற்குள் இருந்தன. உறுதி முள்ளிவாய்க்காலில் எரிந்துபோனவருக்கு, கனடாவில் அகதியாக இருப்பவருக்கு, உறுதியே இல்லாமல் மூன்று தலைமுறை பயிர் செய்தவருக்கு மூன்று மாதம். எதிர்ப்பு எழுந்தது. சட்டத்தரணி எம்.ஏ. சுமந்திரன் தொடுத்த வழக்கில், ஜூன் இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அங்கே தடை கேட்பதற்கு வர்த்தமானி என்று ஒரு தாள் இருந்தது. வழக்காட ஒரு சட்டத்தரணி இருந்தார். கேட்க ஒரு நீதிபதி இருந்தார். கணினிக்குள் நடக்கும் தீர்மானத்துக்கு இந்த மூன்றும் இருக்குமா?

இந்தக் கவலையைக் கடலுக்கு அப்பால் தமிழ்நாடு ஒரு தடவை எழுத்தில் வைத்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2020 இல் தமிழ்நாடு அரசு, பாதுகாப்பானதும் ஒழுக்கநெறி சார்ந்ததுமான செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கை ஒன்றை வெளியிட்டது. தமிழ்நாடு மின் ஆளுமை முகமை தயாரித்தது அது. எந்தத் திணைக்களமாவது ஒரு செயற்கை நுண்ணறிவு முறையைப் பொதுமக்கள்மேல் பயன்படுத்த முன்னர், அதற்குப் புள்ளி போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அதன் யோசனை. மனிதருக்குப் புள்ளி போடும் இயந்திரத்துக்கே புள்ளி! வெளிப்படைத்தன்மை, பொறுப்புக்கூறல், துஷ்பிரயோகத்தைத் தடுத்தல், சமத்துவம் என்று அளக்க வேண்டிய பக்கங்களை அது சொல்கிறது. அவற்றுக்குள் என்னை நிறுத்தியது வேறொன்று: டிஜிட்டல் இடைவெளியும் தரவுப் பற்றாக்குறையும். ஒரு சமூகத்தைப் பற்றிய தரவு குறைவாக இருப்பதும் ஓர் ஒழுக்கப் பிரச்சினை என்று ஒரு தமிழ் நிலத்து அரசாங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது. வன்னிக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் கிடையாது. நம்முடைய பதிவேடுகளை இடப்பெயர்வு தின்றது. பிறப்புச் சான்றிதழ், பாடசாலை வரவு இடாப்பு, வங்கிப் புத்தகம், காணிப் பெமிட் எல்லாம் போயின. அந்த வெறுமைக்கு மேல் கட்டப்படும் எந்தக் கணக்கும் முதலில் அந்த வெறுமையைக் கணக்கில் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டின் கொள்கைக்கும் ஒரு குறை உண்டு: அது கொள்கை, சட்டமல்ல, மீறினால் நீதிமன்றம் போக முடியாது. ஆனாலும் இலங்கையின் உபாயத்தை எழுதுகிறவர்கள் பிரசெல்ஸைப் பார்ப்பதோடு சென்னையையும் ஒருக்கால் எட்டிப் பார்க்கலாம்.

பிரசெல்ஸையும் பார்க்கத்தான் வேண்டும். 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம், அரசு நலன்புரி உதவிக்கு யார் தகுதி என்று மதிப்பிடும் முறைகளை உயர் ஆபத்து வகைக்குள் வைத்திருக்கிறது. அப்படி வைத்ததற்கு அவர்களிடமே ஒரு காயம் உண்டு. நெதர்லாந்தில் வரித் திணைக்களம் பிள்ளை பராமரிப்பு உதவியில் மோசடி தேட ஒரு கணினி முறையை வைத்திருந்தது. அதில், டச்சுக் குடியுரிமை இல்லாதிருப்பதும் சந்தேகத்தைக் கூட்டும் ஓர் அடையாளமாக எண்ணப்பட்டது. பல்லாயிரம் பெற்றோர் மோசடிக்காரராக்கப்பட்டு, வாங்கிய உதவி முழுவதையும் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டார்கள். வீடுகள் போயின, குடும்பங்கள் உடைந்தன. 2021 ஜனவரியில் மார்க் ருட்டேயின் அரசாங்கம் அதற்காகப் பதவி விலகியது. நமக்குக் கிட்ட, தெலங்கானாவில், கணினி சொன்னதை வைத்து 19 இலட்சம் குடும்ப அட்டைகள் வீடு தேடிப் போய்ப் பார்க்காமலே நீக்கப்பட்டன. 2022 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தலையிட்டு, நேரில் சென்று மீண்டும் சரிபார்க்க உத்தரவிட்டது. இரண்டு இடத்திலும் தவறியது ஒன்றே: எடுத்தவரே சான்றும் எழுதினார்.

சரி, நம்மிடம் சட்டமே இல்லையா? இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தெற்காசியாவிலேயே இவ்வகையில் முன்னோடி என்று பாராட்டப்பட்டது. அதன் 18 ஆம் பிரிவு நேரடியாக இந்தப் பிரச்சினையைத் தொடுகிறது. முற்றிலும் தானியங்கியாக எடுக்கப்பட்ட ஒரு தீர்மானத்தை மீளாய்வு செய்யும்படி கேட்கும் உரிமையை அது தருகிறது. வாசித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மேலே வாசித்தபோது அது குறைந்தது. மீளாய்வு கேட்க வேண்டுமானால் அந்தத் தீர்மானத்தின் பாதிப்பு மாற்ற முடியாததாகவும் தொடர்வதாகவும் இருக்க வேண்டும் என்கிறது 2022 இல் நிறைவேறிய வாசகம். மூன்று மாதம் கொடுப்பனவு வராமல் போய்ப் பிள்ளையின் படிப்பு குழம்பினால், அது மாற்ற முடியாததா? யார் தீர்மானிப்பது? எழுத்திலுள்ள சட்டம் ஒன்றினால் அதிகாரமளிக்கப்பட்ட செயற்பாடாக இருந்தால் இந்த உரிமைக்கு விலக்கும் உண்டு. அரசு செய்வது பெரும்பாலும் ஏதோ ஒரு சட்டத்தின் கீழ்தான். அஸ்வெசுமவுக்குப் பின்னாலும் 2002 ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டம் இருக்கிறது. அப்படியானால் தனியார் வங்கியிடம் கேட்கக்கூடிய கேள்வியை அரசிடம் கேட்க முடியாமல் போகலாம். போதாக்குறைக்கு, 2025 மார்ச் 18 அன்று நடைமுறைக்கு வரவிருந்த முக்கிய பகுதிகள் தள்ளிப்போடப்பட்டன.

ஒழுக்கநெறிகளுக்கு அரசு ஆதரவு தருகிறதா என்று கேட்டால், என் கணிப்பு இதுதான்: அறிக்கையில் தருகிறது, சட்டத்தில் பாதி தருகிறது, பிரதேச செயலகத்து மேசையில் இன்னும் தரவில்லை.

காலம் நின்று காத்திருக்கவில்லை. இந்தியாவின் நிதியுதவியுடன் தனித்துவ டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் வருகிறது. முகம், கைவிரல் ரேகை, கருவிழி மூன்றும் பதியப்படும். நல்லது நடக்கும், கச்சேரிக்கு நான்கு தரம் அலைவது ஒரு தரமாகக் குறையலாம். ஆனால் ரேகை தேய்ந்த விரல்கள் இங்கே எத்தனை! வலை இழுக்கும் முல்லைத்தீவுக் கரையில், செங்கல் சுமக்கும் இடங்களில், மிதிவெடிக் களத்தில் மண் சுரண்டும் கைகளில் கருவி எதை வாசிக்கும்? வாசிக்காவிட்டால் அடுத்த வழி என்ன என்பதை இப்போதே எழுதி வைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. 2009 இல் செட்டிக்குளம் மெனிக் பாம் முட்கம்பிக்குள் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் வரிசையில் நின்று பதியப்பட்டார்கள். சாப்பாட்டுக்கு ஒரு பதிவு, விசாரணைக்கு இன்னொரு பதிவு. எந்தப் பதிவு எதற்குப் பயன்பட்டது என்று பதியப்பட்டவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அந்தத் தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. நலன்புரிக்குக் கொடுத்த தரவு பாதுகாப்புப் பிரிவுக்குப் போகாது என்ற உறுதி, சட்டத்தின் எழுத்தில், தண்டனையோடு, அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். கேட்பது அவர்களின் சந்தேகக் குணமல்ல, அனுபவம்.

மொழியின் கதையும் இதற்குள் வருகிறது. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது முகநூலில் பரவிய சிங்கள வெறுப்புப் பதிவுகளைப் பிடிக்க அந்த நிறுவனத்திடம் போதிய ஆட்களும் இல்லை, கருவிகளும் இல்லை. இரண்டு வருடம் கழித்து அது மன்னிப்புக் கேட்டது. நம் பேச்சுத் தமிழ் கணினிக்கு இன்னும் தூரம். “வரேல்லை”, “கதைக்கேலாது”, “ஒருக்கால்” என்று பேசும் வன்னிக் கிழவியின் முறைப்பாட்டை ஒரு தானியங்கிக் குரல்சேவை எப்படி விளங்கிக்கொள்ளும்? தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. தமிழில் சோதித்துப் பார்க்காத எந்த முறையையும் வடக்கு கிழக்கில் பயன்படுத்தக்கூடாது என்று ஒரு வரி எழுதுவதற்கு அந்த ஏற்பாடே போதும்.

முகமும் குரலும்கூட இதற்குள் வருகின்றன. 2023 நவம்பர் 27 அன்று, பிரபாகரனின் மகள் என்று தன்னை அறிமுகப்படுத்திய பெண்ணொருவரின் காணொளி வெளியானதை வாசகர் மறந்திருக்க மாட்டீர்கள். அது ஆள்மாறாட்டமா, செயற்கை நுண்ணறிவால் செய்த உருவமா என்று உலகத் தமிழர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். இறந்தவர்களை நினைத்து விளக்கேற்றும் நாள் அது. அன்று முள்ளிவாய்க்காலில் பிள்ளையைத் தொலைத்த எத்தனை தாய்மாரின் நெஞ்சில், “அப்படியானால் என் பிள்ளையும்…” என்று ஒரு பொய்யான நம்பிக்கை எரிந்து அணைந்திருக்கும்? இறந்தவர்களின், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் முகத்தையும் குரலையும் குடும்பத்தின் சம்மதமில்லாமல் செய்துகாட்டுவதைத் தடுக்கும் விதி ஒன்று நமக்கு வேண்டும். இந்த மண்ணில்தான் அது முதலில் வேண்டும்.

தரம் பார்க்கும் வேலையைச் செய்யத் தகுதியானவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியாவுக்குச் சொந்தப் பல்கலைக்கழகம். பம்பைமடுவில் பிரயோக விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் படிப்பிக்கிறார்கள். அங்கே படிக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் மெனிக் பாமில் தறப்பாளின் கீழ் எழுத்துப் படித்தவர்கள், அல்லது அவர்களின் தம்பி தங்கையர். படிவத்தில் மூன்றாவது பெட்டி ஏன் வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் விரிவுரை எடுக்க வேண்டியதில்லை. அரசு ஒரு முறையை வடக்கில் இறக்க முன்னர், அதைச் சோதிக்கும் பொறுப்பையும் நிதியையும் இந்தப் பீடங்களுக்குக் கொடுக்கட்டும். செய்த நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத அவர்கள், நூறு குடும்பங்களை நேரில் போய்ப் பார்த்து, கணினி சொன்னதும் கண் கண்டதும் ஒத்துப்போகிறதா என்று எழுதட்டும். முகமாலையில் தரம் பார்க்கும் குழு செய்வது இதைத்தானே.

பிறகு மேசை. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும், கணினியின் தீர்மானத்தை மாற்றும் அதிகாரம் கொண்ட, தமிழில் காரணம் சொல்லும் ஓர் உத்தியோகத்தர் இருக்க வேண்டும். “வரேல்லை” என்று சொல்பவர் அல்ல. ஏன் வரவில்லை என்று பார்த்து, பிழை என்றால் அன்றைக்கே திருத்தக்கூடியவர். இதற்குப் பெரிய செலவில்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18 ஆம் பிரிவிலுள்ள விலக்கு நலன்புரி விடயங்களுக்குப் பொருந்தாது என்று திருத்துவதற்கும் செலவில்லை. வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் இந்த ஒரு திருத்தத்துக்காகச் சேர்ந்து நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை நம் கையில் ஒரு கருவி உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உங்கள் குடும்பத்துக்கு எந்த அளவுகோலில் எத்தனை புள்ளி போடப்பட்டது, அதற்கு எந்தத் தரவு பயன்படுத்தப்பட்டது, எந்தத் திகதியில் யார் பதிந்தார் என்று அந்தச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். பிரதேச செயலகத்திலேயே தகவல் அலுவலர் இருக்கிறார். 14 வேலை நாட்களுக்குள் அவர் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் ஆணைக்குழு இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம்.